மெடிக்கல் கோடிங் கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி அந்த சென்டர் புக்க வாங்கி பாருங்க

மெடிக்கல் கோடிங் படிக்கலாமான்னு ஊர்ல இருந்து யார் போன் பண்ணாலும் நான் ஃபீஸ் எவ்ளோ, பிளேஸ்மென்ட் உண்டான்னு கேக்கறதே இல்ல. சேர போற சென்டர்ல பாடம் எடுக்கற புக் எந்த வருஷத்துதுன்னு கேட்டுட்டு வா, மீதிய அப்புறம் பேசிக்கலாம்னு சொல்லிருவேன். புக்குல என்ன இருக்கு, எல்லாம் ஒரே பாடம் தானேன்னு தோணும். டாக்டர் எழுதின சார்ட்ட படிச்சு இன்சூரன்ஸ் பில்லுக்கு கோடு போடற இந்த வேலைல அப்படி இல்லங்க. வியாதிக்கு போடற ஐசிடி கோடெல்லாம் வருஷா வருஷம் அக்டோபர் 1ல மாறும், சிகிச்சைக்கு போடற சிபிடி ஜனவரி 1ல மாறும், மாறின தேதிக்கு அப்புறம் பழைய கோட போட்டு அனுப்பினா இன்சூரன்ஸ்காரன் கிளெய்ம திருப்பி அனுப்பிருவான். இத எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா 52,000 ரூபா ஃபீஸ், சென்னைல ஹாஸ்டல் செலவு, கிட்டத்தட்ட ஒரு வருஷம், இதெல்லாம் மிஞ்சியிருக்கும். அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் நாமக்கல் பக்கம், பி.எஸ்சி. பயோடெக்னாலஜி முடிச்சேன். பயோடெக் முடிச்சவங்களுக்கு ஊர்ல என்ன வேலை இருக்குன்னு படிச்சவங்களுக்கே தெரியும், ஒன்னு லேப்ல சொற்ப சம்பளத்துக்கு நிக்கணும், இல்ல பி.எட். போகணும். காலேஜ் கடைசி வருஷத்துலயே ஒரு சென்டர்காரங்க செமினார்னு வந்து எல்லார் நம்பரையும் வாங்கிட்டு போயிருந்தாங்க, ரிசல்ட் வந்த வாரமே போன் வர ஆரம்பிச்சுருச்சு. பேசினவங்க கவுன்சிலர், ரொம்ப அன்பா பேசுவாங்க, அம்மா கிட்டயும் பேசினாங்க, "உங்க பொண்ணு எங்க பொண்ணு மாதிரிமா"ன்னு. மூணு மாசம் கோர்ஸ், முடிச்சதும் ஏசி ஆஃபீஸ்ல டே ஷிஃப்ட், நூறு பர்சன்ட் பிளேஸ்மென்ட். அப்பா லாரி பட்டறைல கணக்கு பாக்கறவரு, எதையும் ரெண்டு தடவ கூட்டி பாக்கற ஆளு, அவரே சரி போய் பாக்கலாம்னுட்டாரு.

சென்டர் பாக்க நல்லா தான் இருந்துச்சு. சுவர் பூரா வேலை கிடைச்சவங்க போட்டோ, ஃப்ரேம் போட்ட ஐஎஸ்ஓ சர்டிஃபிகேட், பக்கத்துல "அரசு பதிவு பெற்றது"ன்னு ஒரு பேப்பர். ஐஎஸ்ஓ 9001ங்கறது ஒரு நிறுவனம் தன் நிர்வாகத்த எப்படி நடத்துதுங்கறதுக்கு குடுக்கறது, அங்க பாடம் நல்லா இருக்குன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. அந்த அரசு பதிவு பேப்பர் உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன், சின்ன தொழில் வச்சிருக்கற யாரு வேணா ஆதார வச்சு ஆன்லைன்ல ஃப்ரீயா எடுத்துக்கலாம், மாவு மில்லு வச்சிருக்கறவரும் எடுக்கலாம். இந்த கோர்ஸுக்கு மதிப்பு குடுக்கற சர்டிஃபிகேட் எல்லாம் அமெரிக்காவுல இருந்து வர்றது. ஏஏபிசின்னு ஒரு அமைப்பு, 1988ல ஆரம்பிச்சது, அவங்க நடத்தற பரீட்சை தான் சிபிசி. இன்னொன்னு அஹிமா, அவங்க சிசிஎஸ், சிசிஏ நடத்தறாங்க. சென்டர்காரங்க குடுக்கற "டிப்ளமோ இன் மெடிக்கல் கோடிங்" எந்த கம்பெனி எச்ஆரும் கைல வாங்கி கூட பாக்கல, இத நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். என் சென்டர் நோட்டீஸ்ல "ஏஏபிசி சிலபஸ்"னு பெருசா போட்டிருந்தாங்க. சிலபஸ யாரு வேணா ஃபாலோ பண்ணலாமே, அங்கீகாரம் இருக்கறது வேற. பாடம் எடுக்கறவர் சிபிசி முடிச்சவரான்னு அவரோட மெம்பர் நம்பர் கேட்டு வாங்கி ஏஏபிசி சைட்லயே போட்டு பாக்க முடியும். உண்மையா முடிச்சவங்க நம்பர் குடுக்க தயங்க மாட்டாங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லிட்டு போயிடறேன், ஏன்னா நிறைய பேர் இதுல தான் குழம்பறாங்க. கோர்ஸ் பேரு "மெடிக்கல் பில்லிங் அண்ட் கோடிங்"னு ஒன்னா போட்டிருப்பாங்க, ஆனா இது ரெண்டும் வேற வேற வேலை. கோடிங்னா டாக்டர் எழுதின சார்ட்ட படிச்சு வியாதிக்கு ஐசிடி கோடு, செஞ்ச சிகிச்சைக்கு சிபிடி கோடு, மருந்து சாதனத்துக்கு எச்சிபிசிஎஸ் கோடு போடறது. பெரும்பாலும் டே ஷிஃப்ட், யார் கிட்டயும் பேச வேண்டியது இல்ல, அனாடமி தெரியணும். பில்லிங்ல சார்ஜ் என்ட்ரி, பேமென்ட் போஸ்டிங், ஏஆர் காலிங் எல்லாம் வரும். ஏஆர் காலிங்னா காசு வராத கிளெய்முக்கு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு ஏன் தரலன்னு கேக்கறது, அவங்களுக்கு பகல்னா நமக்கு ராத்திரி, இங்கிலீஷ் சரளமா வரணும். எந்த டிகிரியும் ஏஆர்ல எடுப்பாங்க. கோடிங்குக்கு நிறைய கம்பெனி லைஃப் சயின்ஸ், நர்சிங், ஃபார்மசி, பிசியோதெரபி மாதிரி படிப்பு கேப்பாங்க. எங்க பேட்ச்ல ஒரு பி.காம். அண்ணன் இருந்தாரு, அவருக்கும் அதே ஃபீஸ் வாங்கி அதே கோடிங் கனவ வித்துட்டாங்க, எந்த கோடிங் வாக்-இன்லயும் அவர உள்ளயே விடல. அதனால சேர்றதுக்கு முன்னாடி நாலு கம்பெனியோட ஃப்ரெஷர் விளம்பரத்த நீங்களே எடுத்து தகுதின்னு என்ன போட்டிருக்கான்னு படிங்க. கவுன்சிலர் சொல்றத விட அது உண்மைய சொல்லும்.

இப்ப லோன் கதைக்கு வரேன், என்னைய ரொம்ப நாள் தூங்க விடாதது இது தான். மொத்தமா கட்ட காசு இல்லன்னதும் "நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்குமா, வட்டியே இல்ல"ன்னு சொல்லி என் போன்லயே ஒரு ஆப் இறக்கி ஆதார், பான், செல்ஃபி, ஓடிபி எல்லாம் அந்த மேசைலயே முடிச்சுட்டாங்க. சென்டருக்கு தவணை கட்டறோம்னு தான் அப்பாவும் நானும் புரிஞ்சுக்கிட்டோம். உண்மைல அது என் பேர்ல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனில எடுத்த லோன். ஃபைனான்ஸ் கம்பெனி சென்டருக்கு முதல்லயே காச குடுத்துரும், நாம ஃபைனான்ஸ் கம்பெனிக்கு மாசா மாசம் கட்டணும். கிளாஸ் நடந்தாலும் நடக்கலன்னாலும், சென்டரே மூடிட்டு போனாலும் இ.எம்.ஐ. நிக்காது, நிறுத்தினா சிபில் போயிரும். சென்டருக்கோ சேர்ந்த அன்னைக்கே வர வேண்டியது வந்துருது, அப்புறம் நம்மள ஒழுங்கா படிக்க வைக்க அவங்களுக்கு என்ன அவசரம் சொல்லுங்க. அதனால தவணைன்னு சொன்னா முதல் கேள்வி, நான் யாருக்கு கடன்காரி ஆகறேன்? சென்டருக்கே மாசா மாசம் நேரா கட்ற மாதிரி இருந்தா பரவால்ல, பிடிக்கலன்னா நிறுத்திக்கலாம். லோன் தான்னா வட்டி, செலவு எல்லாம் போட்ட கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு ஒரு பேப்பர் குடுத்தே ஆகணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, அத கேட்டு வாங்கி படிங்க. டிஜிட்டல் லோன்ல கூலிங் ஆஃப்னு ஒரு குறுகிய கால அவகாசமும் உண்டு, அதுக்குள்ள வேண்டாம்னு அசலையும் அந்த நாளுக்கான செலவையும் திருப்பி குடுத்தா அபராதம் இல்லாம வெளிய வந்துரலாம். எங்களுக்கு இப்படி ஒன்னு இருக்குன்னே அப்ப தெரியாது. இன்னொன்னு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட வெரிஃபிகேஷனுக்குன்னு கேப்பாங்க, காட்டிட்டு கையோட வாங்கிட்டு வந்துருங்க. எங்க பேட்ச்ல குடுத்துட்டு வந்தவங்க அத திரும்ப வாங்க பட்ட பாடு இருக்கே, தனியா ஒரு பதிவு போடணும்.

கிளாஸ் 2022 கடைசில ஆரம்பிச்சுது. புக்னு குடுத்தது ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ். முதல் மாசம் வந்த மேம் நல்லா எடுத்தாங்க, அனாடமி எல்லாம் இன்னைக்கும் அவங்க சொன்னது தான் ஞாபகம் இருக்கு, ஆனா சம்பளம் சரியா வரலன்னு அவங்க போயிட்டாங்க. அப்புறம் வந்தவர் போன பேட்ச்ல படிச்ச பையன், வேலை கிடைக்காததால அங்கயே டிரெய்னர் ஆயிட்டான், பாவம் அவனையும் திட்ட முடியல. டாக்டர் விசிட் கோடுன்னு 99201ல இருந்து 99205 வரைக்கும் ஹிஸ்டரி, எக்ஸாம்னு கட்டம் கட்டமா டேபிள் போட்டு மனப்பாடம் பண்ண வச்சாங்க. 99201ங்கற கோடையே 2021 ஜனவரில எடுத்துட்டாங்க! அந்த கட்டம் போடற முறையும் ஆஃபீஸ் விசிட்டுக்கு அப்பவே போயிருச்சு, டாக்டர் எடுத்த முடிவோட சிக்கல், இல்லன்னா செலவழிச்ச நேரம், இத வச்சு தான் லெவல் போடணும். மாக் டெஸ்ட்டும் அப்படி தான், 150 கேள்வி, 5 மணி 40 நிமிஷம்னு உக்கார வச்சாங்க, அந்த வருஷமே சிபிசி பரீட்சைய 100 கேள்வி, 4 மணி நேரம்னு மாத்தியாச்சு. 70 பர்சன்ட் எடுத்தா பாஸ், கோடிங் புக்க பக்கத்துல வச்சுக்கிட்டே எழுதலாம். புக்க வச்சு எழுதற பரீட்சைக்கு கோட மனப்பாடம் பண்ண வச்ச கொடுமைய எங்க போய் சொல்ல. புக்குல டேப் ஒட்டி, கோடு போடற விதியெல்லாம் இருக்கற கைட்லைன அடிக்கோடு போட்டு, இண்டெக்ஸ்ல தேடி அப்புறம் கோடு வரிசையா இருக்கற டேபுலர் பகுதில சரி பாக்கற கை வேகம் தான் அந்த பரீட்சைக்கு வேணும். ஒரிஜினல் புக்க தொடாம அது வரவே வராது.

இதெல்லாம் எனக்கு கிளாஸ்ல உக்காந்திருக்கும் போது தெரியல, ஒரு இன்டர்வியூல தான் தெரிஞ்சுது. நானே தேடி போன வாக்-இன், உள்ள ஒரு மேம் இருந்தாங்க, ரொம்ப அமைதியா கேட்டாங்க, "பேஷண்டுக்கு டைப் 2 டயாபட்டீஸ், சிகேடி (நாள்பட்ட கிட்னி வியாதி) ஸ்டேஜ் 3ன்னு டாக்டர் எழுதியிருக்காரு, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எழுதல, நீங்க என்ன கோடு போடுவீங்க?" நான் டக்குன்னு வெறும் சர்க்கரைக்கு இ11.9, கிட்னிக்கு என்18.3ன்னு சொன்னேன், உள்ளுக்குள்ள பெருமை வேற. அவங்க சிரிக்கல, திட்டல. "எந்த வருஷ புக்குல படிச்சீங்க"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்கு வருஷமே தெரியல, ஜெராக்ஸ்ல அட்டையே இல்லயே. அப்புறம் அவங்களே சொன்னாங்க, சர்க்கரையும் கிட்னி வியாதியும் சேர்ந்து எழுதியிருந்தா, சம்பந்தம் இல்லன்னு டாக்டர் தெளிவா சொன்னா ஒழிய, சம்பந்தம் இருக்கறதா தான் எடுத்துக்கணும்னு கைட்லைன்லயே இருக்கு, அதனால சர்க்கரையால வந்த கிட்னி வியாதிக்கான இ11.22. என்18.3 தனியா நிக்காது, 2020 அக்டோபர்ல அத மூணா பிரிச்சுட்டாங்க, ஸ்டேஜ் 3 மட்டும் எழுதியிருந்தா என்18.30, 3ஏன்னா 31, 3பின்னா 32. போன வருஷ பஸ் டைம்டேபிள வச்சுக்கிட்டு ஸ்டாண்டுல நின்ன மாதிரி ஆயிருச்சு என் நிலைமை. "ஐசிடி கைட்லைன் ஃப்ரீ தாம்மா, டவுன்லோட் பண்ணி படிச்சுட்டு வா"ன்னு சொல்லி அனுப்பினாங்க. கிண்டி ஸ்டேஷன்ல உக்காந்து அழுதேன், அத மறைக்க ஒன்னும் இல்ல.

அந்த கைட்லைன் விஷயம் தான் எனக்கு கிடைச்ச பெரிய உதவி. ஐசிடி-10-சிஎம் அஃபிஷியல் கைட்லைன்ஸ்னு தேடினா அமெரிக்க அரசோட சிஎம்எஸ், சிடிசி சைட்லயே பிடிஎஃப் கிடைக்கும், நூத்தி சொச்சம் பக்கம், ஒத்த பைசா கிடையாது. ஐசிடி கோடு லிஸ்ட்டும் அங்கயே ஃப்ரீ. சிபிடி மட்டும் அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷனுக்கு சொந்தம், அந்த புக்க காசு குடுத்து தான் வாங்கணும், அதான் சென்டர்காரங்க ஜெராக்ஸ்ல ஓட்டறாங்க. கோர்ஸுக்கு ஒரு ரூபா கட்றதுக்கு முன்னாடி இந்த பிடிஎஃப்ல முதல் செக்‌ஷனையும் அவுட்பேஷண்ட் பத்தின நாலாவது செக்‌ஷனையும் படிச்சு பாருங்க. அவுட்பேஷண்ட்ல டாக்டர் "நிமோனியாவா இருக்கலாம்"னு எழுதினா நிமோனியா கோடு போடக்கூடாது, காய்ச்சல் இருமல்னு அறிகுறிய தான் போடணும், அதுவே அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆன பேஷண்டுக்கு ஆஸ்பத்திரி பில்லுல போடலாம், இப்படி எல்லாம் வரும். படிக்க படிக்க அட இது நல்லா இருக்கேன்னு தோணுச்சுன்னா இந்த வேலை உங்களுக்கு ஆகும். ரெண்டு பக்கத்துல கொட்டாவி வந்துச்சுன்னா அம்பதாயிரம் மிச்சம்னு நினைச்சுக்கோங்க. வேலைல சேர்ந்தா தினமும் இதே தான், அதுவும் எண்ணிக்கை டார்கெட்டோட, குவாலிட்டி 95 பர்சன்ட்டுக்கு கீழ போகாம.

பிளேஸ்மென்ட் எப்படி நடந்துச்சுன்னு கேளுங்க. கோர்ஸ் முடிஞ்சு ரொம்ப நாள் பிடி கொடுக்காம பேசிட்டு, கடைசில ஏஆர் காலிங் நைட் ஷிஃப்ட் இன்டர்வியூ ஒன்னு அனுப்பினாங்க. ஏஆர மட்டமா சொல்லல, அதுல நல்லா மேல வந்தவங்கள எனக்கு தெரியும், ஆனா நான் காசு கட்டினது கோடிங்குக்கு. போகலன்னு சொன்னதும் "நாங்க ஆஃபர் பண்ணோம், கேண்டிடேட் ரிஜெக்ட் பண்ணாங்க"ன்னு எழுதி அவங்க கணக்க முடிச்சுக்கிட்டாங்க. நூறு பர்சன்ட் பிளேஸ்மென்ட்னா என்னன்னு அப்ப தான் விளங்குச்சு, இன்டர்வியூவுக்கு அனுப்பறதே பிளேஸ்மென்ட்டாம். எந்த வேலை, எந்த ஷிஃப்ட், கிடைக்கலன்னா எவ்ளோ பணம் எத்தன நாள்ல திரும்ப வரும்னு எழுத்துல குடுக்க சொல்லுங்க. குடுக்க மாட்டாங்க. அது போதும் உங்களுக்கு.

பணத்த கேட்டு சண்டை போட்டேன். முதல்ல நேர்ல, அப்புறம் 1915க்கு போன் பண்ணி நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல புகார் போட்டேன். கவுன்சிலர் வாட்ஸ்அப்ல "கோடிங் ஜாப் கன்ஃபார்ம்"னு அனுப்பின மெசேஜ், ரசீது, நோட்டீஸ் போட்டோ எல்லாம் வச்சிருந்ததால கொஞ்சமாச்சும் வாய் பேச முடிஞ்சுது. ரொம்ப ஆட்டம் காட்டிட்டு 15,000 திருப்பி குடுத்தாங்க, இதுக்கு மேல கேக்க மாட்டேன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டு. மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல வக்கீல் இல்லாமயே கேஸ் போடலாம், 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸும் இல்ல, ஆன்லைன்லயே போடலாம், அப்பா தான் போதும் விடு சாமின்னுட்டாரு. அதுக்கப்புறம் 2024 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் விளம்பரங்களுக்குன்னு வழிகாட்டுதல் கொண்டு வந்துச்சு, வேலை உறுதின்னு பொய் சொல்லி ஆள் சேக்க கூடாதுன்னு அதுல இருக்கு. போஸ்டர் என்னமோ இன்னும் அப்படியே தான் ஒட்டிட்டு இருக்காங்க.

வேலை கடைசில எப்படி கிடைச்சுதுன்னா, கைட்லைன வச்சு நானா படிச்சு, ஹாஸ்டல்ல ஒரு அக்கா எச்சிசிங்கற ஒரு வகை கோடிங்ல இருந்தாங்க, அவங்க ஞாயித்துக்கிழமைல உக்காந்து சொல்லிக்குடுத்து, ஃப்ரெஷர் வாக்-இன் ஒன்னுல எடுத்தாங்க. இங்க தான் எனக்கு வயிறு எரிஞ்சுது. எடுத்ததும் கம்பெனியே ரெண்டு மாசம் டிரெய்னிங் குடுத்தாங்க, சம்பளத்தோட! பேரு ஊரு அழிச்ச நிஜ சார்ட் மாதிரியே பயிற்சி சார்ட், தினமும் போட்டு, தப்புக்கு கைட்லைன் காட்டி திருத்துவாங்க. சென்டர்ல கோர்ஸ் முழுக்க ஒரு முழு சார்ட் கண்ணுல காட்டல. அதனால லைஃப் சயின்ஸ் படிச்சவங்க முதல்ல ஃப்ரெஷர எடுத்து டிரெய்ன் பண்ற கம்பெனிய தேடுங்க, பாண்ட் இருக்கான்னு மட்டும் படிச்சு பாத்து கையெழுத்து போடுங்க. வேலைக்காக கம்பெனிக்கோ ஏஜென்ட்டுக்கோ காசு குடுக்காதீங்க, நல்ல கம்பெனி எதுவும் கேக்காது.

கோர்ஸ் வேணவே வேணாம்னு சொல்ல வரல. அனாடமி டச் விட்டு போனவங்களுக்கு, கல்யாணம் குழந்தைன்னு இடைவெளி விழுந்தவங்களுக்கு, சிபிசி எழுதணும்னு இருக்கறவங்களுக்கு நல்ல சென்டர் உதவும், நல்லவங்களும் இருக்காங்க. டெமோ கிளாஸ்னு அவங்க ரெடி பண்ணி வச்சத பாக்காம, ஓடிட்டு இருக்கற பேட்ச்ல ஒரு மணி நேரம் பின்னாடி உக்கார விடுங்கன்னு கேளுங்க. பசங்க கைல ஒரிஜினல் புக் இருக்கா பாருங்க, இருந்தா 99201 தேடுங்க, என்18.3க்கு கீழ பிரிவு இருக்கா பாருங்க, 99201 இன்னும் கோடா இருந்தாலோ, பிரிவு இல்லன்னாலோ அது பழைய புக். ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. பரீட்சை ஃபீஸ், ஏஏபிசி மெம்பர்ஷிப், புக் எல்லாம் சொன்ன தொகைல அடக்கமா இல்ல தனியான்னு கேளுங்க, இது தனியா நல்ல தொகை ஆகும். சிபிசி பாஸ் ஆனாலும் அனுபவம் இல்லன்னா பேருக்கு பின்னாடி சிபிசி-ஏன்னு தான் வரும், அந்த ஏங்கற எழுத்துக்கு அர்த்தம் அப்ரெண்டிஸ், ரெண்டு வருஷ வேலை அனுபவம் காட்டினா அந்த ஏ போகும், இத மறைக்காம சொல்ற சென்டர்னா ஓரளவு நம்பலாம். சுவத்துல இருக்கற போட்டோ ஆளுங்கள லிங்க்ட்இன்ல தேடி ஒரு மெசேஜ் போடுங்க. நான் பின்னாடி தேடினேன், அதுல ஒருத்தர் கோடிங் பக்கமே வராம மருந்து கம்பெனி ரெப்பா இருக்காரு, இன்னொருத்தங்க போட்டோவ எடுக்க சொல்லி பல தடவ கேட்டும் எடுக்கலயாம்.

லோன் போன வருஷம் தான் முடிஞ்சுது. உங்களுக்கும் இப்படி லோன் ஓடிட்டு இருந்தா கடைசி தவணை கட்டினதும் ஆப்ல "க்ளோஸ்டு"ன்னு வந்துருச்சேன்னு விட்றாதீங்க, பாக்கி இல்லன்னு சொல்ற என்ஓசி லெட்டர மெயில்ல கேட்டு வாங்கி வைங்க, ஒரு ரெண்டு மாசம் கழிச்சு சிபில் ரிப்போர்ட் எடுத்து அதுலயும் முடிஞ்சதா காட்டுதான்னு பாருங்க, வருஷத்துக்கு ஒரு தடவ அந்த ரிப்போர்ட் ஃப்ரீ. எனக்கு அதுல இன்னும் பாக்கி இருக்கறதா காட்டி, மறுபடி மெயில் மேல மெயில் போட்டு தான் சரியாச்சு.